“குப்பை பொறுக்கவா அனுப்புகிறாய்?”

தமிழகத்தின் உள்மாவட்ட நகரம் ஒன்றிலிருந்து ஒரு தாயார் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன். அவருடைய மகனுக்கு வயது 24. டவுன் சிண்ட்ரோமும் மிதமான அறிவுசார் குறைபாடும் உள்ளவர். சிறப்புப் பள்ளியும் அதன்பின் தொழிற்பயிற்சி மையமும் முடிந்த பிறகு பெரும்பாலும் வீட்டிலேயே, தொலைக்காட்சியின் முன்னால் இருந்தவர். சில மாதங்களுக்கு முன்பு, அருகிலுள்ள கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், அந்தப் பயிற்சி மையத்தின் மூலமாக இவரையும் இன்னும் மூன்று பேரையும் கல்லூரியின் மறுசுழற்சிப் பணிக்கு அழைத்திருக்கிறார். புதன்கிழமைதோறும் பிற்பகலில் இரண்டு மணி நேரம், மாணவர்களோடு சேர்ந்து, வகுப்பறைகளிலும் கேன்டீனிலும் வைத்திருக்கும் பெட்டிகளிலிருந்து தாள், அட்டை, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றைத் திரட்டி, தரம் பிரித்து, எடை போட்டு, பழைய பேப்பர் கடை வண்டியில் ஏற்றிவிடும் வேலை. மகனுக்கு இருபது வரைதான் எண்ண வரும். அதனால், இருபது பாட்டில்களை எண்ணி முடிக்கும்போதெல்லாம் சுவரிலுள்ள பலகையில் ஒரு கோடு போடும்படி ஒரு மாணவி சொல்லிக்கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு எத்தனை கோடு என்பதைத்தான் அவர் முதலில் சொல்கிறாராம்.

தாயாரை உறுத்துபவை வேறு. கணவருக்கு இதில் விருப்பமில்லை. “நம் வீட்டுப் பிள்ளையைக் குப்பை பொறுக்கவா அனுப்புகிறாய்?” என்று நாத்தனார் கேட்டிருக்கிறார், மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இது தேவையா என்பது மாமியாரின் கேள்வி. கல்லூரியோ இப்போது ஓர் உறுதிமொழிக் கடிதம் கேட்கிறது: எது நடந்தாலும் கல்லூரி பொறுப்பல்ல, பணி நேரம் முழுவதும் பெற்றோரில் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று. மகன் வேலை செய்வது தெரிந்தால் மாத உதவித்தொகை நின்றுபோகுமோ, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் குறைபாட்டு விழுக்காட்டைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம் ஒருபுறம். இது நிரந்தர வேலையாகுமா என்ற ஆசை மறுபுறம். கல்லூரியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மகனின் படத்தைப் போட்டு “தெய்வக் குழந்தைகளின் சேவை” என்று எழுதியிருந்ததைப் பார்த்து மகிழ்வதா வருந்துவதா என்று தெரியவில்லை என்கிறார். “நான்தான் அவனுக்குக் கார்டியன். அவனுக்கு ஐந்து வயதுக் குழந்தையின் மனசு. நிறுத்திவிட்டால் ஒரு வாரத்தில் மறந்துவிடுவான். நிறுத்திவிடட்டுமா?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் இப்போது நடப்பது போலவே தொடரவும் வேண்டாம். கல்லூரியிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை சில இருக்கின்றன. நீங்களே பிடியைத் தளர்த்த வேண்டிய இடங்களும் சில இருக்கின்றன.

உங்கள் நாத்தனார் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதை வெறும் வம்பு என்று தள்ளிவிட முடியாது. கழிவைத் தொடும் வேலையைச் சில சாதியினரின் தலையில் கட்டி, கட்டிய கையோடு அவர்களையே இழிவாகப் பார்த்துப் பழகிய சமூகம் நம்முடையது. அந்த இழிவு தன் வீட்டுப் பிள்ளைமேல் படிந்துவிடுமோ என்ற அச்சம்தான் அந்தக் கேள்வியில் இருக்கிறது. தூய்மைப் பணியாளர்களைப் பற்றி அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணத்தை நான் ஏற்கவில்லை. நீங்களும் ஏற்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆயினும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான பணிகளைப் பற்றி யோசித்தவர்கள் இதையொத்த ஓர் எச்சரிக்கையை வேறு திசையிலிருந்து விடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வுல்ஃப் வுல்ஃபென்ஸ்பெர்கர், ஏற்கெனவே மதிப்புக் குறைவாக நடத்தப்படும் மனிதர்களை மதிப்பில்லாதவையாகக் கருதப்படும் பொருள்களோடும் இடங்களோடும் சேர்த்து நிறுத்தினால், பார்ப்பவர் மனத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும் என்று வாதிட்டார். மாற்றுத்திறனாளிகள் நால்வர் மட்டும் குப்பைக்கூடை அருகே நிற்க, மற்றவர்கள் அதைக் கடந்து வகுப்புக்குப் போகும் காட்சி ஒரு கல்லூரியில் நாள்தோறும் கண்ணில் பட்டால், அது சேர்த்துக்கொள்ளுதல் ஆகாது. பழைய பாகுபாட்டுக்குப் புதிய ஆட்கள் கிடைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

ஆகவே உங்கள் மகன் தொடுவது தாளா பாட்டிலா என்பதை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம்.

பக்கத்தில் நிற்பது யார்?

அவர் பாட்டில் மூடியைத் திருகும்போது பக்கத்தில் நிற்பவர் யார், அவரும் மூடியைத் திருகுகிறாரா என்று பாருங்கள். வேலை மாணவர்களுக்கும் முறைவைத்து வருகிறதா? உங்கள் மகனும் அந்த மூவரும் தனி மூலையில் இருக்கிறார்களா, அல்லது ஒவ்வொருவரும் வெவ்வேறு மாணவர் குழுவில் கலந்திருக்கிறார்களா? படம் எடுக்கும் வரை இருந்துவிட்டு மாணவர்கள் கலைந்துபோகிறார்களா? வருகைப் பதிவேட்டில் இவர் பெயர் மற்றவர்களின் பெயர்களோடு இருக்கிறதா, “சிறப்புக் குழு” என்று தனித்தாளில் இருக்கிறதா? மாணவர்களுக்குச் சட்டை, தொப்பி, அட்டை என்று ஏதாவது கொடுத்திருந்தால் இவருக்கும் அதுவே கொடுக்கப்பட்டிருக்கிறதா? எல்லாவற்றிலும் முக்கியமாக, வேலை முடிந்து கேன்டீனில் டீ குடிக்கும்போது இவர் எந்த மேசையில் உட்காருகிறார்? கல்லூரி அறிக்கைகளில் எழுதப்படாத இடம் அது, ஆனால் நான் எந்தத் திட்டத்தைப் பார்க்கப் போனாலும் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.

இந்தக் கேள்விகள் என் விருப்பத்தில் எழுந்தவை மட்டுமல்ல. ஒதுக்கப்பட்டவர்களும் மற்றவர்களும் ஓரிடத்தில் இருந்துவிட்டாலே மனத்தடைகள் கரைந்துவிடா என்பதை உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதினார். அந்த இடத்தில் இரு தரப்பாருக்கும் சம அந்தஸ்து இருக்க வேண்டும், இலக்கு பொதுவானதாக இருக்க வேண்டும், அதை அடைய ஒருவருக்கு மற்றவர் தேவைப்பட வேண்டும், நிறுவனத்தின் ஆதரவு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்றார். சரியாக நடத்தினால் மறுசுழற்சிப் பணி இந்த நான்குக்கும் இடம் தருகிறது. வண்டி வருவதற்குள் தாளெல்லாம் கட்டாக வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான அவசரம். வெள்ளைத்தாளைக் கலவைத் தாளிலிருந்து பிரித்தால்தான் பழைய பேப்பர் கடைக்காரர் கூடுதல் விலை தருவார். ரெக்கார்டு நோட்டின் பின்னையும் ஸ்பைரல் கம்பியையும் பொறுமையாக எடுக்கும் கை அங்கே மதிக்கப்படும். ஒரே செயலைச் சலிப்பின்றி ஒழுங்காகத் திரும்பத் திரும்பச் செய்வதில் உங்கள் மகன் மாணவர்களைவிடத் தேர்ந்தவராக இருக்கவும் கூடும். மேடையில் சால்வை போர்த்தி எடுக்கும் விழாக்களில் இத்தகைய சமநிலைக்கு வழியே கிடையாது.

கல்லூரி உங்களுக்கு ஏதோ சலுகை செய்துவிட்டதாக எண்ணிக் கூச்சப்படுகிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. அது தேவையில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே, கழிவு உண்டாக்குபவர் அதைப் பிரித்துத் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தின. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் கல்லூரிகளைப் பெருமளவு கழிவு உருவாக்குபவர் என்ற வகையில் சேர்த்தன. அந்தக் கடமை முதல்வரிலிருந்து முதலாம் ஆண்டு மாணவர் வரை எல்லோருக்கும் உரியது. அதில் உங்கள் மகன் பங்கெடுத்துக்கொள்கிறார். அவர் அங்கே உதவி பெறுபவர் மட்டுமல்லர், தருபவரும்கூட.

தன்னார்வப் பணியா, சம்பளமில்லாத வேலையா?

இது நிரந்தர வேலையாகுமா என்று கேட்கிறீர்கள். ஆகாது என்று எண்ணிக்கொண்டே தொடர்வது நல்லது. ஆனால் வேறு ஒன்றில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்: தன்னார்வப் பணி என்ற பெயரில் சம்பளமில்லாத வேலையாக இது மாறிவிடக் கூடாது.

அளவுகோல் கல்லூரியிடமே இருக்கிறது. 1969-இல், காந்தி நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், அதாவது ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். உங்கள் மகனிடமும் ஏறத்தாழ அதே அளவை எதிர்பார்க்கலாம். வாரம் இரண்டு மணி நேரம் அதற்குள் அடங்கிவிடும். “நன்றாகச் செய்கிறார், தினமும் வரட்டுமே” என்று கல்லூரி கேட்டால், அந்த நிமிடமே நீங்கள் சம்பளத்தைப் பற்றிக் கேட்கலாம். முன்பு சம்பளம் வாங்கிய தூய்மைப் பணியாளர் ஒருவரை நிறுத்திவிட்டு அந்த வேலையை இவர்களிடம் விட்டிருக்கிறார்களா, இவர் வராத நாளில் வேலை அப்படியே கிடக்கிறதா, விற்ற பணம் எங்கே போகிறது என்பவற்றையும் விசாரியுங்கள். பணம் கல்லூரியின் பொதுக்கணக்கில் சேர்ந்து, அதை ஈட்டுவது சம்பளமில்லாத நால்வர் என்றால், அதற்குச் சேவை என்று பெயர் வைப்பது தவறு. மாணவர் குழு ஒன்றுகூடி அந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று முடிவெடுக்கும்போது உங்கள் மகனுக்கும் கை தூக்க இடம் இருக்கிறது என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அவர் அந்தக் கல்லூரியின் மாணவர் அல்லர் என்பதால் நாட்டு நலப்பணித் திட்டச் சான்றிதழை எதிர்பார்க்க வேண்டாம். அதற்குப் பதிலாக, கல்லூரியின் முகவரித்தாளில் அவர் என்னென்ன வேலைகளை எவ்வளவு துணையோடு செய்கிறார் என்று தெளிவாக எழுதிய கடிதம் ஒன்றைக் கேளுங்கள். “நல்ல பையன், சிரித்த முகம்” என்று எழுதித் தருவார்கள், அது பயன்படாது. “நான்கு வகைத் தாள்களைப் பிரிக்கிறார், குறித்த நேரத்துக்கு வருகிறார், இருபது இருபதாக எண்ணி வைக்கிறார்” என்பது நாளைக்கு ஒரு கடையிலோ கிடங்கிலோ வேலை கேட்கும்போது பயன்படும். அப்படி வேலை கிடைத்தால், மற்றவர்களுக்குத் தரும் கூலி இவருக்கும் தரப்பட வேண்டும். மாற்றுத்திறனாளிகளை மட்டும் தனிக் கூடத்தில் உட்காரவைத்துக் கைச்செலவுக்குக் கொடுத்து வேலை வாங்கும் முறையை, ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு வேலை உரிமை பற்றி 2022-இல் வெளியிட்ட விளக்கவுரையில் தெளிவாக எதிர்த்திருக்கிறது. அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்குரிய 4 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் அடங்கும் வகையில் 1 விழுக்காடு பிரித்துவைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்தும் உறுதிமொழிக் கடிதமும்

“நான்தான் கார்டியன்” என்று எழுதியிருக்கிறீர்கள். 18 வயதுவரை அது சரி. அதன்பின் தாய் என்ற உறவால் மட்டும் நீங்கள் சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு, மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அலுவலர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துத்தான் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டும். மறுபுறம், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி மாற்றுத்திறனாளிக்கும் உண்டு என்கிறது. வங்கிக் கணக்கு, சொத்து போன்றவற்றுக்காக என்றாவது பாதுகாவலர் நியமனம் தேவைப்படலாம். வாரம் ஒருநாள் பாட்டில் எண்ணுவதற்காக அதற்கு ஓட வேண்டியதில்லை. புதன்கிழமை போவதா வேண்டாமா என்பதில் முதல் வாக்கு உங்கள் மகனுடையது. கல்லூரிப் படிவத்தில் அவரே கையெழுத்திடட்டும், கையெழுத்து வராவிட்டால் கைவிரல் ரேகை வைக்கட்டும். அருகில் நீங்கள் “விளக்கிச் சொன்னேன்” என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இப்போது அந்த உறுதிமொழிக் கடிதம். “எது நடந்தாலும் பொறுப்பல்ல” என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்திட வேண்டாம். நீங்கள் கையெழுத்திட்டுவிட்டதாலேயே, வருபவரின் பாதுகாப்பில் கவனம் எடுக்க வேண்டிய கல்லூரியின் கடமை மறைந்துபோகாது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அந்தக் காகிதம் அலட்சியத்துக்கு இடம் கொடுத்துவிடும் என்பதே என் கவலை. இதே கடிதத்தை மாணவத் தொண்டர்களின் பெற்றோரிடமும் கேட்டார்களா என்று பணிவாக விசாரியுங்கள். கேட்கவில்லை என்றால், குறைபாட்டைக் காரணமாக வைத்து வேறுபடுத்துவதாகிவிடும். நியாயமான நோக்கம் ஒன்றுக்கு அளவான வழியாக இருந்தாலொழிய அப்படி வேறுபடுத்தக் கூடாது என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவு. இதைச் சண்டையாக எடுத்துச் செல்லாதீர்கள். திட்ட அலுவலர் நல்லெண்ணத்தில் அழைத்தவர். கடிதத்தை நிர்வாகத்தில் யாரோ பயந்துபோய்க் கேட்டிருப்பார்கள். அவர்களுடைய பயத்துக்கு வேறு மருந்து கொடுங்கள். தொண்டர்கள் எல்லோருக்கும் ஒரே படிவம். அதில் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்கள், மருந்து விவரம், ஒவ்வாமை, பொறுப்பான ஆசிரியரின் பெயர், முதலுதவிப் பெட்டி இருக்கும் இடம், தொடக் கூடாத கழிவுகளின் பட்டியல் ஆகியவை இருக்கட்டும். இந்த வரைவை நீங்களே எழுதிக் கொண்டுபோனால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.

ஒரு மாணவி பலகையில் கோடு போடச் சொல்லிக்கொடுத்ததைப் பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். சட்டம் நியாயமான தகவமைப்பு என்று சொல்வது அதைத்தான். பெரிய செலவில்லாமல், வேலையின் தரம் குறையாமல், ஒருவர் மற்றவர்களோடு சேர்ந்து செய்வதற்கு ஏற்பச் செய்யும் சிறிய மாற்றம் அது. அதை மறுப்பதும் பாகுபாடே என்று சட்டம் வரையறுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2021-இல், தேர்வெழுத உதவியாளர் கேட்ட விகாஷ் குமாரின் வழக்கில், இத்தகைய தகவமைப்பு இல்லாமல் சமத்துவம் இல்லை என்று வலியுறுத்தியது. சட்டப் புத்தகத்தைப் பார்க்காமலே அந்தப் பெண் அதைச் செய்திருக்கிறார். அவருடைய பெயரைத் திட்ட அலுவலரிடம் சொல்லிப் பாராட்டுங்கள்.

நீங்கள் உடனிருக்க வேண்டுமா?

முழு நேரமும் வேண்டாம். அம்மா அருகில் நிற்கும் 24 வயது இளைஞரிடம் மாணவர்கள் நேராகப் பேசமாட்டார்கள்; “ஆன்ட்டி, அவருக்குத் தண்ணீர் வேணுமா?” என்று உங்களிடம்தான் கேட்பார்கள். தொடக்க வாரங்களில் அவர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருங்கள், பிறகு கேன்டீனில் உட்காருங்கள், பிறகு வாசலில் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். உங்கள் இடத்துக்கு ஒரு மாணவத் தோழரையும் மாற்றாக இன்னொருவரையும் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஒருவரே என்றால் அவருக்குத் தேர்வு வரும் வாரத்தில் எல்லாம் நின்றுபோகும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன்வரும் ஒருவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்பது 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்திப் பேருந்தில் போய்வரப் பழக்குவதும் இந்தப் பணியின் ஒரு பகுதியாகட்டும்.

அவருடைய மனம் ஐந்து வயதுக் குழந்தையினுடையது என்பதையும் இங்கேயே மறுத்துவிடுகிறேன். சோதனைத் தாளில் வரும் மனவயது என்பது சில வினாக்களுக்குக் கிடைத்த மதிப்பெண்ணின் மொழிபெயர்ப்பு. 24 ஆண்டுகள் வாழ்ந்து, பள்ளி மாறி, கூடப் படித்தவர்களைப் பிரிந்து, வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்த சலிப்பையும் அறிந்தவர் அவர். அந்த மனிதரைக் குழந்தையாக எண்ணுவதில் ஆபத்தும் உண்டு. அவருடைய உடல் வளர்ந்த ஆணின் உடல். தொடக் கூடாத இடம், வேண்டாம் என்று சொல்லும் உரிமை, யாராவது தனியிடத்துக்குக் கூப்பிட்டால் என்ன செய்வது என்பவற்றை அவருக்குப் புரியும் சொற்களில் திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டும். கழிப்பறைக்கு எந்த வழியாகப் போவது, யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்பதை முதலிலேயே நடந்து காட்டுங்கள். யாரேனும் வேண்டுமென்றே பொது இடத்தில் அவமானப்படுத்தினாலோ மிரட்டினாலோ, அது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதைக் கல்லூரியும் அறிந்திருக்கட்டும்.

உடல்நலம்

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கிறது. கழுத்தெலும்பின் மேல் இணைப்பு சிலருக்குத் தளர்வாக இருக்கும். தைராய்டுக் குறைவும் சாதாரணமாகக் காணப்படும். எனவே தாள்கட்டு தூக்கும் முன்பு உங்கள் மருத்துவரிடம் இவை மூன்றையும் கேட்டு, எத்தனை கிலோவரை தூக்கலாம், தலையில் சுமக்கலாமா என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தலைச்சுமை பொதுவாக வேண்டாம். டெட்டனஸ் ஊசி காலக்கெடு தவறாமல் போட்டிருக்க வேண்டும். தடித்த கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம். உடைந்த கண்ணாடி, டியூப்லைட், ஆய்வகப் புட்டிகள், ஊசிகள், நாப்கின் கழிவு ஆகியவற்றை இவர் மட்டுமல்ல, தொண்டர்கள் யாருமே தொடக் கூடாது. பாட்டிலில் மிச்சமிருக்கும் திரவத்தை முகர்ந்து பார்க்கவும் கூடாது; ஆய்வக மாணவர்கள் பழைய தண்ணீர் பாட்டிலில் எதை ஊற்றி வைப்பார்கள் என்று சொல்ல முடியாது.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் இதுவரை சேர்த்திருக்காவிட்டால் இப்போது சேர்த்துவிடுங்கள். முன்மருத்துவப் பரிசோதனை இல்லாமல் ஒரு லட்சம் ரூபாய் வரை அதில் பாதுகாப்பு கிடைக்கிறது. உங்கள் பழைய பயிற்சி மையத்தின் மூலம் விண்ணப்பிக்கலாம்.

உதவித்தொகையும் அடையாள அட்டையும்

சம்பளமில்லாத தன்னார்வப் பணி வேலைவாய்ப்பு ஆகாது. பேருந்துச் செலவைத் திருப்பித் தருவதும் டீ வாங்கித் தருவதும் கூலி ஆகாது. ஆகவே மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். பிற்பாடு மாதச் சம்பளம் என்று ஏதாவது வருமானால், முதல் சம்பளத்துக்கு முன்பே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். யூடிஐடி எனப்படும் அந்த அடையாள அட்டையிலுள்ள விழுக்காடு மருத்துவக் குழு அறிவுத்திறனையும் சமூக முதிர்ச்சியையும் அளந்து தருவது. சான்று நிரந்தரமானது என்றால் மறுமதிப்பீடு என்ற பேச்சே இல்லை. தற்காலிகமானது என்றாலும் அதன் காலம் முடியும்போது நடக்கும் மதிப்பீடே கணக்கு. இன்ஸ்டாகிராம் படத்தைப் பார்த்து யாரும் அட்டையைத் திருத்துவதில்லை.

அந்தப் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வந்த சங்கடம் நியாயமானதே. கூட நின்ற மாணவர்களின் பெயர்களைப் போட்டுவிட்டு இவர்களை மட்டும் தெய்வக் குழந்தைகள் என்று எழுதினால், சேர்ந்து நின்ற படத்திலேயே பிரித்துவிட்டார்கள். அடுத்த முறை படத்தை முதலில் உங்கள் மகனிடம் காட்டி, போடலாமா என்று அவரிடமே கேட்க வேண்டும், போட்டால் மற்றவர்களைப் போல அவருடைய பெயரோடு போட வேண்டும் என்று சொல்லுங்கள். கோபப்படுவார்கள் என்று தயங்காதீர்கள். இளைஞர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது, நம் வயதினருக்குத்தான் சிரமம்.

கணவரிடம் வாதிடுவதைக் காட்டிலும், ஒரு புதன்கிழமை அவரைக் கேன்டீனில் டீ குடிக்க அழைத்துப் போங்கள். பலகையில் அன்றைய கோடுகளை அவர் தானே பார்க்கட்டும். மகளின் திருமணம் குறித்து மாமியார் சொன்னதற்கு என்னிடம் உள்ள பதில் சிறியது. அண்ணன் ஒரு கல்லூரியில் மாணவர்களோடு சேர்ந்து பணி செய்கிறார் என்பதற்காகத் தட்டிப்போகும் வரன், அண்ணன் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாலும் தட்டித்தான் போயிருக்கும்.

கல்லூரி இவற்றில் எதற்கும் இணங்காமல், பழைய கடிதத்தில்தான் கையெழுத்து வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் என்ன செய்வது? மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிட வழி இருக்கிறது. இந்த விஷயத்துக்கு அதை நான் முதல் படியாகப் பரிந்துரைக்கமாட்டேன், ஏனெனில் உத்தரவு வாங்கி நுழையும் இடத்தில் சக மாணவரின் நட்பு கிடைப்பது கடினம். அந்நிலையில் உங்கள் தெருவிலுள்ள குடியிருப்போர் சங்கத்திலோ கிளை நூலகத்திலோ இதே போன்ற பணி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் பக்கத்தில் நிற்பவர் யார் என்பதைப் பார்த்தே முடிவெடுங்கள்.

நிறுத்திவிட்டால் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார் என்கிறீர்கள். வாரத்தின் நடுவில் நிலையாக நின்ற ஒரு நாள் காரணம் தெரியாமல் இல்லாமல்போனால், உங்கள் மகனைப் போன்றவர்கள் அதை வார்த்தையில் சொல்லாமல் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் பிடிவாதத்திலும் காட்டுவார்கள். வீட்டார் அதை மறதி என்று எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் நிறுத்தாவிட்டாலும் கோடை விடுமுறை நிறுத்தத்தான் போகிறது. கோடு போடச் சொல்லித்தந்த மாணவி இறுதியாண்டு என்றால் அவர் திரும்பி வரப்போவதும் இல்லை. எனவே பருவத் தேர்வுகள் தொடங்கும் முன்பே திட்ட அலுவலரிடம் பேசி, அந்த மாணவியைக் கொண்டே அடுத்த ஆண்டுத் தோழரை உங்கள் மகனுக்கு அறிமுகம் செய்துவைக்கச் சொல்லுங்கள். இருவரும் சில வாரங்கள் ஒன்றாக வேலை செய்யட்டும். விடுமுறையில் புதன்கிழமை பிற்பகலுக்கு வேறு ஒரு வேலையை வீட்டில் ஒதுக்கிவையுங்கள். ஜூனில் மீண்டும் தொடங்கும் தேதியை அவரையே நாட்காட்டியில் குறிக்கச் செய்யுங்கள்.